விமானத்துக்குக் கைகாட்டிய காலம்

ஆகாயத்தில் கொழும்பிலிருந்து வழிதவறாமல் வந்த விமானிக்கு, தரையில் இறங்கியபின் அடுத்த வேலிவரை போக வழி தெரியாது. அதைக் காட்டத்தான் எனக்குச் சம்பளம்.

ஐம்பதுகளில் அம்பாறைப் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன விமானத் திடல். ஓடுபாதைக்கு வெள்ளை விளக்கு, இறங்கிய விமானம் ஊர்ந்து வரும் பாதைக்கு நீல விளக்கு, திருப்பத்தில் அம்புக்குறிப் பலகை, கடைசியில் இரண்டு கையிலும் டோர்ச்சோடு நான். மனைவி மருதமுனையில். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் அங்கே போய் இருப்பான். நான் வெள்ளிக்கிழமை மட்டும் போகிற மாப்பிள்ளை. ராவேலை பார்த்த புது மாப்பிள்ளைமாரே, உங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நீலம்

ஒருமுறை நீலக் கண்ணாடிகள் உடைந்துபோயின. புதியவை வரத் தாமதம். உடுப்புக்குப் போடும் நீலத்தைக் குழைத்துச் சாதாரண லாம்புக் கண்ணாடிகளில் பூசிவிட்டேன். பொழுதுபட்டபோது பார்க்க வடிவாகத்தான் இருந்தது. பிறகு பனி விழுந்து நீலமெல்லாம் வழிந்துவிட்டது.

விமானம் இறங்கியபோது எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை விளக்கு. விமானி எங்கே திரும்புவதென்று தெரியாமல் நடுவிலே நிறுத்திவிட்டார். நான் ஓடிப்போய் டோர்ச் காட்டிக் கூட்டிவந்தேன். மறுநாள் மேலதிகாரி ஒரு லாம்பைத் தூக்கிப் பார்த்தார். "உடுப்பு வெளுக்கிற நீலத்தப் பூசினா, விளக்கு வெள்ளையாகாம வேறென்ன ஆகும்?"

பண்டிக் காவல்

அறுவடைக்கு முன் பக்கத்து ஊரான சவளக்கடையின் வயல்காரர் பன்றியை விரட்ட வரம்பு நெடுக அரிக்கன் லாம்பு வைப்பார்கள். ஒரு விமானி அந்த வரிசையைத் தன் பாதை என்று நம்பி, வாய்க்காலை நோக்கித் திரும்பிவிட்டார். முன்னால் பாய்ந்து டோர்ச் இரண்டையும் குறுக்கே பிடித்தேன். வாய்க்கால் கரையில் விமானம் நின்றது.

காவலுக்கிருந்த கந்தப்பரிடம் போய், விமானம் வரும் நேரத்தில் மட்டும் லாம்புகளை அணைக்கும்படி கெஞ்சினேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "உன்ட பிளேன் பண்டிய விரட்டுமெண்டா நான் அணைக்கிறன், தம்பி."

கல்முனைச் சந்தை

விமானம் கிளம்பிப் போனதும் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவேன். கடைசி விளக்கை அணைக்க மனம் வராது. அதற்குப் பிறகு கதைக்க யாருமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கல்முனைச் சந்தையில், வாரந்தோறும் நான் கைகாட்டும் விமானியைக் கண்டேன். சொந்தக்காரரைக் கண்டதுபோல் சிரித்தேன். அவர் யாரோ என்று விலகினார். இரண்டு கையையும் உயர்த்தி வா என்று அசைத்துக் காட்டினேன். அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார்: "உன் கை எனக்கு நல்லாத் தெரியும். முகம் எப்பவும் இருட்டு."

மாட்டுவண்டி

மனைவியின் தகப்பனான மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டு நெசவுத் தறியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் முஸ்லிம் விவாக வழக்குப் பார்க்கும் காதியாரிடம் போய் விவாக விலக்கு எடுப்போம் என்று மாமியிடம் சொல்லியனுப்பினார். மாமி மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். கூடவே என் மனைவி. பதில் சொல்வதற்குள் விமானச் சத்தம் கேட்டது. டோர்ச்சுகளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் திரும்பினால், அவள் முகம் சிவந்திருந்தது. மாமி முன்னால் என்னோடு வாய் திறக்காதவள், அன்று திறந்தாள். "அந்த இரும்ப ரெண்டு கையாலயும் வா வா எண்டு கூப்பிடுறீங்க. என்னய ஒருநாளாவது இஞ்ச வா எண்டு கூப்பிட்டீங்களா?"

வண்டி மாமியை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டதால், இந்தத் தொழிலின் தனிமையைப்பற்றி இதற்குமேல் எழுத என்னிடம் சரக்கு இல்லை.