எண்ணூறு இறாலுக்குக் கணக்குப் போட்டேன்

மற்றவர்கள் மீனை அளப்பார்கள். அந்த அளவை நம்பலாமா கூடாதா என்று நான் சொல்வேன். இந்த இரண்டாவது வேலைக்கு யாரும் நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை. உயிரியல் ஆராய்ச்சிக்குப் புள்ளியியல் பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில், ஒரு சுக்குக் கிடங்கை ஒட்டிய சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில், தும்மிக்கொண்டே, கைப்பிடியைச் சுற்றினால் ஓடும் கணக்கு மெஷினோடு மல்லுக்கட்டியவன் நான். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குத் தமிழில் பேச்சுத் துணையாக இருந்தது விமலா ஒருத்திதான். திருப்பூணித்துறைப் பெண், வீட்டில் தமிழ். இறாலுக்குத் தவிடு போடுவதைவிடக் கக்கா என்கிற சிப்பி இறைச்சி போட்டால் நன்றாக வளரும் என்று நிரூபிப்பது அவளுடைய ஆராய்ச்சி. தற்காலிக வேலை. மூன்றாம் வருஷம் மார்ச்சுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மை தீர்ந்துவிடுமா?

இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் தற்செயலாக வந்ததல்ல என்றால், அந்த எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போடுவோம். சந்தேகம் குறையக் குறைய இரண்டு, மிஞ்சினால் மூன்று. எங்கள் கோசி சார், ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர், கரிமீனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நான்கு நாள் மெஷினைச் சுற்றினேன். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம், ஒரு நட்சத்திரமும் தேறவில்லை.

பட்டியலை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், ஒருவேளை அங்கே போட்டிருப்பேனோ என்று. பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், ரொம்ப வருத்தமாகக் கேட்டார்: "ஏன்டோ, ஒரே ஒரு ஸ்டார் போட்டா உன் பேனாவில மை தீர்ந்துடுமா?"

வைப்பினில் ஒரு காலை

விமலாவுக்குக் குஞ்சு இறால் வேண்டியிருந்தது. படகேறி வைப்பின் தீவுக்குப் போனோம். த்ரேசியா சேச்சி என்ற மீன்காரி கூடையை எங்கள் முன்னால் இறக்கினாள். பெரியதெல்லாம் மேலே, நண்டும் சிண்டும் அடியில். இப்படி இருந்தால் கண்ணில் பட்டதைத்தான் கை எடுக்கும். அதனால் எல்லாவற்றையும் ஓலைப்பாயில் கொட்டிப் பரப்பச் சொன்னேன். குலுக்கிப் போட்ட மாதிரி எண்கள் அச்சடித்த பட்டியலைப் பார்த்து, "பதினேழாவது, நாலாவது, முப்பத்தொன்பதாவது" என்று எண்ணியெண்ணி எடுத்தேன். முப்பத்தொன்பதாவது இறால் நடுவிலேயே துள்ளி ஓடிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

சேச்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. விமலா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியில் சேச்சிக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது: "நல்லதாப் பார்த்து எடுத்துக்கோ மோனே, கண்ணை அடச்சிட்டு எடுக்கறதுக்கா உன்னை வீட்டில இவ்வளவு படிக்க வச்சாங்க?"

அந்தோணிச் சேட்டனின் மனசு

ஆராய்ச்சிக்கூடத்தின் பின்பக்கம் இரண்டு சிமென்ட் தொட்டிகள். ஒன்றில் நானூறு குஞ்சு, தவிடு சாப்பாடு. இன்னொன்றில் நானூறு, கக்கா இறைச்சி. தீனி போடுவது அந்தோணிச் சேட்டன். ஐம்பது வயசு, தங்கமான மனுஷன். அந்தத் தங்கத்தால்தான் வந்தது வினை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் தவிட்டு இறாலும் கக்கா இறாலும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே உயரம். விமலாவுக்கு முகம் வெளிறிவிட்டது. விசாரித்தபோது சேட்டன் மறைக்கவே இல்லை. தினமும் தவிட்டுத் தொட்டிக்கும் ஒரு கைப்பிடி கக்கா போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

போச்சு! அத்தனையும் கொட்டிவிட்டு அக்டோபரில் முதலிலிருந்து தொடங்கினாள். மார்ச் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கோபத்தை அடக்க முடியாமல் சேட்டனைப் பிடித்துக் கத்தினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு என்னையே திருப்பிக் கேட்டார்: "பக்கத்துத் தொட்டியில கல்யாண சத்யை நடக்குது, இதுங்க மட்டும் மணம் பிடிச்சிட்டே கிடக்கணுமா சாரே?"

மூன்று நட்சத்திரம்

ஜனவரியில் விமலா ஐந்து நோட்டுப் புத்தகங்களை என் மேஜையில் அடுக்கினாள். எண்ணூறு இறாலையும் வாரம் தவறாமல் பிடித்து, அளந்து, நிறுத்து எழுதியிருந்தாள். விரலெல்லாம் முள் குத்திய காயம். மூன்று நாள் சுற்றினேன். கக்காவுக்கு மூன்று நட்சத்திரம்! கூடமே கொண்டாடியது. கோசி சார் தன் கைக்காசில் எல்லோருக்கும் பரிப்புவடையும் சாயாவும் வாங்கிக் கொடுத்தார். விமலா அழுதுவிட்டாள்.

மறுநாள், சோதனை எப்படி நடந்தது என்ற பகுதியை எழுத உட்கார்ந்தேன். "கக்கா போட்ட தொட்டி: ஒன்று. தவிடு போட்ட தொட்டி: ஒன்று" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். கக்காத் தொட்டியில் காலை வெயில் அடிக்கிறது. தவிட்டுத் தொட்டி சுவரோரம் நிழலில் இருக்கிறது. இறால் வளர்ந்தது கக்காவாலா, வெயிலாலா? யார் சொல்ல முடியும்? ஒரே வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரை அளந்துவிட்டு ஊரே நெட்டை என்று சொன்ன மாதிரிதான் இதுவும். ஒவ்வொரு தீனிக்கும் ஐந்தாறு தொட்டியாவது வைத்து, எதற்கு எது என்று சீட்டுப் போட்டுப் பிரித்திருக்க வேண்டும். நான் நம்பி நட்சத்திரம் போட்டது எண்ணூறு இறாலுக்கு. உண்மையில் கையில் இருந்ததோ இரண்டே தொட்டி. தினமும் சாப்பிட்டுவிட்டு அந்தத் தொட்டியோரம் நின்றுதான் கை கழுவினேன், ஒரு நாளும் என் மண்டையில் உறைக்கவில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆய்வேட்டைத் திருத்துகிறவர்களும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இரண்டு நாள் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை, அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கோசி சாரிடமும் தப்பு என்னுடையது என்றேன். அவர் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார், தவணை கிடைக்கவில்லை. மறுபடி செய்யக் காலமும் இல்லை. இருக்கிறதை அப்படியே கொடுத்துவிடு என்று அவரே சொன்னார். விமலா மாட்டேன் என்றுவிட்டாள். மார்ச்சோடு வேலை போயிற்று. கடைசி நாள் நோட்டுகளை வாங்கிக்கொள்ள வந்தாள். நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நோட்டுகளைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "முதல் வருஷம் நான் வந்து எத்தனை இறால் அளக்கணும்னு கேட்டப்போ, நீங்க தலையை நிமிர்த்தாம, 'எவ்வளவு முடியுமோ அவ்வளவு அள'ன்னேள் சார், நேக்குத் தெரியாது, அதனால எத்தனை இறால்னு கேட்டேன், தெரிஞ்ச நீங்க எத்தனை தொட்டின்னு கேட்டிருக்கப்படாதோ?"

அதற்குப் பிறகு யார் வந்து எத்தனை அளக்க வேண்டும் என்று கேட்டாலும், நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். எனக்குப் புத்தி வந்துவிட்டது, அதற்கு ஆன செலவு விமலாவின் மூன்று வருஷம்.