இரண்டாம் வரிசையில் கருவி அடங்கியது

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது. பட்டப்பகலில், சமூகக்கூடத்தில், ஊரே பார்க்க.

டான்யூப் கரையில் இரண்டாவது அணு உலை கட்ட ஊரின் சம்மதம் வேண்டும். வாங்கித் தருவது என் பொறுப்பு. வாங்கினால் தலைநகரில் பதவி. இல்லையென்றால் வீட்டில் ஓய்வு. 'அச்சம் போக்கும் அதிகாரி' என்று என் அட்டையில் போட்டிருக்கும். அச்சமில்லாதவன் என்று போடவில்லை.

கதிர்வீச்சு அளக்கும் கருவியைத் தூக்கிப் பிடித்தேன். டிக்... டிக்...

"கேட்டீங்களா? இது எங்கயும் இருக்கும். வாழைப்பழத்துல, கல்லுல, உங்க உடம்புலகூட."

"உன் வாயில எவ்வளவுன்னு பாரு லுபென்!" என்றார் டிராக்டர்காரர் கிரும். கூடமே சிரித்தது.

நானும் சிரித்தபடி ஒவ்வொருவராக அளந்துகொண்டு போனேன். கிருமிடம் டிக். மேயரிடம் டிக். இரண்டாம் வரிசை ஓரத்தில், கறுப்புத் தலைத்துணி கட்டிய ஓர் அம்மாள்.

கருவி அடங்கியது.

தட்டினேன். விளக்கு எரிந்தது. ஓசை இல்லை. வெறுங்காற்றில்கூட டிக் உண்டு... அவளருகே அதுவும் இல்லை.

"பூஜ்யம்!" என்று கத்தினேன். பிழைப்பு அப்படி.

அவள் காகிதக் கிண்ணம் ஒன்றை நீட்டினாள். சர்க்கரை தூவிய, வேகவைத்த கோதுமை. இறந்தவர் பேரில் தருவது. ஒரு வாய் உண்டு, 'ஆண்டவர் மன்னிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

நானோ கிண்ணத்தைக் கூட்டத்துக்குக் காட்டினேன். "உலைக்குப் பக்கத்துல விளைஞ்ச கோதுமை! தின்னு காட்டறேன்!"

"கோதுமையா? எங்கடா?" என்றார் கிரும். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

தின்றேன். சில்லென்றிருந்தது. மண் வாசம்.

"சொல்லலையேப்பா..." என்றாள்.

குனிந்து பார்த்தேன்.

நாற்காலி காலி.

கையும் காலி.

கூட்டம் சம்மதித்தது. 'பூஜ்யம்' என்ற சொல் மேயருக்குப் பிடித்துவிட்டது.

வெளியே, கதவில் காலையில் ஒட்டிய என் விளம்பரத்தைக் காற்று கிழித்திருந்தது. அடியில், படம் போட்ட ஓர் இரங்கல் சீட்டு. அதே தலைத்துணி. அதே முகம். பென்கா. இறந்து இன்று நாற்பதாம் நாள்.

படியில் அவள் மகள் கோதுமைப் பானையோடு நின்றாள்.

"கூட்டம் முடியட்டும்னு நின்னேண்ணே. இன்னும் யாருக்கும் குடுக்கல."

மூடியைத் திறந்தாள். மழமழவென்ற சர்க்கரைப் பரப்பு.

நடுவில் ஒரு கரண்டிக் குழி.

'ஆண்டவர் மன்னிக்கட்டும்' என்று மூன்று முறை சொன்னேன்...

பதவி கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து எந்தக் கருவியும் என்னருகே வந்தால் அடங்கிவிடுகிறது. மேலிடத்துக்கு ஒரே மகிழ்ச்சி. ஊர் ஊராக என்னை மேடையேற்றிக் காட்டுகிறார்கள்:

"பாத்தீங்களா, எவ்வளவு பத்திரம்னு!"