பெலென் மேமின் சக்களத்தி

"அடப்பாவி, இந்த வாக்கியத்துக்கு எழுவாய் எங்கடா போச்சு? கப்பலேறிப் போயிடுச்சா?" என்று கையிலிருக்கும் தாளைப் பார்த்துக் கேட்கிறார் பெலென் மேம். தாள் பதில் சொல்வதில்லை. எதிர் மேசை ஜோவெர்ட் தலையைத் தூக்குவதும் இல்லை. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் பழகிப்போன சத்தம் இது. மேம் வாயிலிருக்கும் உலர்ந்த மாம்பழத் துண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, பச்சைப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, எழுவாயைத் தேடிப் புறப்படுகிறார்.

மணிலாவுக்குத் தெற்கே, கடலோர இலோயிலோ நகரத்துக் கல்லூரி ஒன்றில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது பெலென் சுமாகாய்சாயின் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம். மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார். மணியடித்து வகுப்புக்கு ஓடும்போது ஒரு செருப்பு எப்போதும் கிடைக்காது. ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு தடவை படிப்பார். முதல் தடவை பேனாவைத் தொடக்கூடாது என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். கை சும்மா இருக்காது என்று தெரிந்ததால், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார். பக்கம் திருப்ப வேண்டியபோது மட்டும் ஒரு கைக்கு விடுதலை.

இரண்டாம் தடவை ஆரம்பித்தால் அந்தத் தாளின் ஓரத்தில் வெள்ளை மிஞ்சாது. சில கட்டுரைகளில் பையன் எழுதியதைவிட மேம் எழுதியது அதிகமாக இருக்கும். ஒரு வரி மிகவும் பிடித்துவிட்டால் அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு மீன் வரைவார். ஏன் மீன் என்று அவருக்கே தெரியாது. துபாயில் நர்ஸாக இருக்கும் பழைய மாணவி ஒருத்தி இன்றைக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும்போது, "எனக்கு ஒரே கட்டுரையில மூணு மீன் கிடைச்சுது, ஞாபகம் இருக்கா மேம்?" என்று எழுதுகிறாள்.

ஒரே குறை, தாள் திரும்பி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் எழுதியவனுக்கே தான் என்ன எழுதினோம் என்பது மறந்திருக்கும். வேறு வழி இல்லாதவரை யாரும் இதைக் குறையாக நினைக்கவில்லை.

இந்தப் பருவத்தில் வேறு வழி வந்தது. எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்லும் இணையக் கருவி ஒன்றைக் கல்லூரி வாங்கியது. கட்டுரையை அதில் ஒட்டினால் போதும், கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் ஓரமெல்லாம் மஞ்சளும் நீலமுமாகக் குறிப்புகள் வந்து நிற்கும். அது யாருக்கும் எழுதித் தராது. கேள்வி கேட்கும். "உங்கள் தொடக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் நிறுவ வருவது என்ன என்பது நான்காம் பத்திவரை தெரியவில்லை. அதை முன்னால் கொண்டுவர முடியுமா?" திருத்திவிட்டு மறுபடியும் ஒட்டலாம். அதற்குச் சலிக்காது. ஜோவெர்டுக்கு அதில் ஏகப்பட்ட உற்சாகம். முப்பது வயசுக்காரர், எந்தப் புதுச் சாமானையும் பிரித்துப் பார்க்காமல் விடாதவர். அவருடைய மாணவர்கள் நாலு முறை திருத்திய பிறகுதான் கட்டுரையை அவரிடம் கொடுத்தார்கள். கொடுத்த மூன்றாம் நாள் திரும்பக் கையில் வாங்கினார்கள். தன் மாணவர்களும் அந்தக் கருவியிடம் போகிறார்கள் என்பது பெலென் மேமுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

கருவிக்குக் கல்லூரி வைத்த பெயர் ஏதோ நீளமானது. பிள்ளைகள் அதைத் தீத்தா என்றார்கள். அந்த ஊரில் சித்தி, அத்தை, அம்மாவின் சிநேகிதி எல்லோரும் தீத்தாதான்.

ஒருநாள் காப்பிக் கோப்பையோடு மாடிப்படித் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தவர் காதில் மேலிருந்து பேச்சு விழுந்தது.

"தீத்தா என்னடி சொன்னாங்க?"

"ரெண்டாவது பத்தியில சொன்னதையே மூணாவதுலயும் சொல்றேனாம். பாத்தா சரிதான்."

"பெலென் மேம்?"

"அது கிறிஸ்துமஸுக்கு வரும்."

சிரிப்பு. பெலென் மேம் காப்பி ஆறும்வரை அங்கேயே நின்றார். கிறிஸ்துமஸ் கேலி அவரைச் சுடவில்லை, அதை அவரே வகுப்பில் சொல்வதுண்டு. 'தீத்தா' என்று அவர்கள் சொன்ன விதம்தான் சுட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அவரைத் தீத்தா என்று கூப்பிட்டதில்லை.

வேலை போய்விடுமோ என்ற பயமாக இருந்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பார், ஆசிரியர் சங்கத்தில் பேசியிருப்பார். இது அது இல்லை. ஒரு பிள்ளை பிறருக்கென்று முதன்முதலாக யோசித்து எழுதியதை முதலில் படிக்கிறவராக இருந்தவர் அவர், இனி இல்லை என்பதுதான் விஷயம். இதை எந்தச் சங்கத்தில் போய்ச் சொல்வது?

வீட்டில் சொன்னார்.

"இன்னிக்கும் அதுகிட்டதான் முதல்ல போயிருக்காங்க. அதுக்கு என்ன தெரியும்? ஒரு பிள்ளையோட முகத்தைப் பாத்திருக்கா?"

படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் அவர் கணவர் எர்னிங், தட்டில் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "எது?" என்றார்.

"அதுதான்."

"மெதுவாப் பேசு பெலிங். நான் எவளையோ வச்சிருக்கேன்னு பக்கத்து வீட்ல நினைச்சுக்கப் போறாங்க. சக்களத்திச் சண்டை மாதிரியே இருக்கு."

"போய்யா!"

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் எர்னிங் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தபடி, "சக்களத்தி சௌக்கியமா?" என்று கேட்கலானார்.

சக்களத்தியை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது என்று மேம் முடிவு செய்தார். ஆசிரியர் அறை காலியாக இருந்த ஒரு மத்தியானம், சந்தையில் நண்டு விற்கும் பெண்களைப் பற்றித் தான் உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிய பழைய கட்டுரையை அதில் ஒட்டினார். 'உங்கள் குரலில் கதகதப்பு இருக்கிறது. விவரங்கள் கண்முன் நிற்கின்றன' என்று வந்தது. மேம் அதை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்ததைத் தானே உணர்ந்து, உடனே சுளித்துக்கொண்டார். அடுத்த குறிப்பு: 'கடைசிப் பக்கத்தில் ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொல்கிறீர்கள். எது வலுவானது?' பழைய தாளை எடுத்துப் பார்த்தார். பத்திரிகை ஆசிரியர் கண்ணில் படாதது. எர்னிங்குக்குப் படாதது. தனக்கும் படாதது. மூன்று விதமாகத்தான் சொல்லியிருந்தார்.

தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார்.

அதற்குப் பிறகு அவர் கையில் ஒரு புதுப் பழக்கம் வந்து உட்கார்ந்தது. தீத்தா வெட்டு என்றால் மேம் வைத்துக்கொள் என்பார். தீத்தா நீட்டச் சொன்ன இடத்தில் மேம் சுருக்கச் சொல்வார். பிள்ளைகள் இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலையைச் சொறிந்தார்கள். ஜோவெர்ட் ஒருமுறை, "மேம், நீங்க அதைப் படிச்சிட்டா திருத்துறீங்க?" என்று கேட்டார். "எனக்கு வேற வேலை இல்ல பாரு" என்றார் மேம். அந்த வேலைதான் செய்துகொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் ரொவெலின் வந்தாள். எதிரிலிருக்கும் கிமாராஸ் தீவிலிருந்து தினமும் படகில் நீரிணையைக் கடந்து வரும் பெண். உப்புக்காற்றில் முடி எப்போதும் கயிறு திரிந்தமாதிரி இருக்கும். பாகோலோத் நகரில் நடக்கும் மாணவர் ஆய்வுக் கூட்டத்துக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். கருவாடு பிரித்துக் காயவைக்கும் பெண்களை மீனவர் கணக்கில் ஏன் யாரும் சேர்ப்பதில்லை என்பது அவள் கேள்வி. வழிகாட்டி பெலென் மேம். அந்தக் கூட்டத்தில் படிக்கத் தேர்வாகிவிட்டால் அடுத்த வருஷம் மணிலாவில் கோடைப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். அவள் வீட்டில் நீரிணையைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆளே அவள்தான். மணிலாவை யாரும் கண்டதில்லை.

முதல் வரைவில் மேம் இரண்டு மீன் வரைந்தார். கடைசிப் பத்தியில் அவள் அம்மாவின் கைகளைப் பற்றி எழுதியிருந்தாள், உப்பு அரித்த விரல்கள், மோதிரம் நுழையாத கணுக்கள். அழகான பத்தி. ஆனால் கேள்வியை விட்டு விலகி வேறெங்கோ போனது. எடுக்கச் சொல்ல வேண்டும், மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று மேம் இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ரொவெலின் புது வரைவோடு வந்தாள். அந்தப் பத்தியைக் காணோம்.

"அம்மா கை எங்க?"

"எடுத்துட்டேன் மேம். கேள்விக்கு அது பதில் சொல்லலைன்னு தீத்தா சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு."

மேமின் காது சூடாயிற்று. ஊருக்குப் போயிருந்தபோது யாரோ உள்ளே வந்து வீட்டைப் பெருக்கி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனது போலிருந்தது. பெருக்கியது நன்றாகத்தான் இருந்தது.

"அதுக்கு அம்மா இருக்கா?" என்றார். "கட்டுரையோட உசிரே அங்கதான் இருக்கு. திரும்ப வை."

"பக்கம் கூடிடும் மேம்."

"நடுவுல எங்கயாவது குறை."

ரொவெலின் வரைவை எடுத்துச் சுருட்டிக்கொண்டாள். பிறகு சரி மேம் என்று போனாள். அந்தப் பெண்களை எங்கே, எப்படிச் சந்தித்துப் பேசினேன் என்று எழுதியிருந்த பகுதியை எடுத்துவிட்டு, அம்மாவின் கைகளைத் திரும்ப வைத்து அனுப்பினாள்.

மாதக் கடைசியில் பாகோலோத்திலிருந்து பதில் வந்தது. நல்ல பொருள், ஆனால் தகவல்கள் எப்படித் திரட்டப்பட்டன என்பது தெரியவில்லை, முடிவு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது. இப்போதைக்கு ஏற்க இயலாது. ஒரு வாரத்தில் திருத்தி அனுப்பினால் மறுபடி பார்க்கலாம், உறுதி தர முடியாது.

போனில் இதைக் காட்டிவிட்டு ரொவெலின், "பரவால்ல மேம்" என்றாள். அதுதான் தாங்கவில்லை. குற்றம் சொல்லியிருக்கலாம்.

"நான் திரும்ப வைன்னு சொன்னப்ப, வேணாம்னு ஏண்டி சொல்லல?"

"தீத்தா தப்புன்னு சொன்னா மாட்டேன்னு சொல்லிடுவேன் மேம், அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

பெலென் மேம் மேசைக்கடியில் காலால் செருப்பைத் துழாவினார். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பத்தி வேண்டாம்னு எனக்கும் தோணிச்சு. உன்கிட்ட சொல்லத்தான் இருந்தேன். அது முந்திக்கிச்சு. அதனால மாத்திச் சொன்னேன்." கடுகடுவென்று, யாரையோ திட்டுவது போல் சொன்னார்.

ரொவெலின் கண்ணை விரித்துப் பார்த்தாள். கோபம் வந்து, அது எங்கே இறங்குவது என்று தெரியாமல் நின்றதும் தெரிந்தது. "ஒரு மாசம் மேம்," என்றாள். "ஒரு மாசம் எங்கம்மா பக்கத்து வீட்லயெல்லாம் சொல்லிட்டிருந்தாங்க, பொண்ணு பாகோலோத்ல பேசப்போறான்னு."

மேம் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார்.

பிறகு அவளே, "தீத்தா மேல பொறாமையா மேம்?" என்று கேட்டாள்.

"ஆமாண்டி. கம்ப்யூட்டரைத் திற."

அந்த வாரம் முழுக்க வகுப்பு முடிந்ததும் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மேம் முதலில் தன் கருத்தைச் சொல்வார். பிறகு தீத்தாவைக் கேட்பார்கள். இரண்டும் முட்டிக்கொண்டால் முடிவு ரொவெலினுடையது. முதல் இரண்டு நாள் அவள் மேமை நிமிர்ந்து பார்க்காமலே முடிவு சொன்னாள். மூன்றாம் நாள், தீவுக்குப் போய்வரும் எஞ்சின் படகின் பெயரான 'பம்ப்போட்' என்ற சொல்லைத் தீத்தா எழுத்துப்பிழை என்று கோடு போட்டுக் காட்டியது.

"பாத்தியா! பம்ப்போட் தெரியல இதுக்கு! நீந்தியா வருவா இந்தப் பொண்ணு?" என்று மேம் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. ஜோவெர்டைக் கூப்பிட்டுக் காட்டினார். வீட்டில் எர்னிங்கிடம் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அறிமுகமில்லாத அம்மாளிடமும் சொன்னதாகக் கேள்வி. ரொவெலின் அன்றுதான் மறுபடி சிரித்தாள்.

கட்டுரை தேர்வானது. பாகோலோத்தில் ரொவெலின் மேடையேறிப் பேசியபோது பெலென் மேம் மூன்றாம் வரிசையில் தொடைக்கடியில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார். முடிவில் அவள் நன்றி சொன்னாள்: தீவுப் பெண்களுக்கு, அம்மாவுக்கு, பெலென் மேமுக்கு, பிறகு கல்லூரியின் கருவிக்கு. மேம் கவனித்தது வரிசையைத்தான். மணிலாவிலிருந்து இன்னும் பதில் இல்லை.

இப்போதும் அவர் எல்லாத் தாளையும் இரண்டு தடவை படிக்கிறார். தன் குறிப்பை முழுக்க எழுதி முடித்த பிறகே தீத்தாவைத் திறக்கிறார், விடைத்தாளில் பக்கத்துப் பையன் எழுதியதை எட்டிப் பார்க்கிற மாதிரி. இரண்டும் ஒத்துப்போனால் முகம் சுளிக்கிறார். அது எதையாவது தவறவிட்டிருந்தால் ஒரு மாம்பழத் துண்டு கூடுதலாக உள்ளே போகிறது.

போன செவ்வாய்க்கிழமை, தயங்கித் தயங்கி எழுதும் பையன் ஒருவனுடைய கட்டுரை. ஓரமெல்லாம் பச்சையாக்கி முடித்துவிட்டுத் தீத்தாவைத் திறந்தார். ஐந்தாம் பக்கத்து மூலையில், அவன் ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒன்றைச் சுட்டி, 'இதுதான் நீங்கள் உண்மையில் கேட்க விரும்பும் கேள்வியா?' என்று இருந்தது. மேம் அந்த வரிக்குத் திரும்பினார். நெடுநேரம் பார்த்தார். அவர் அதைத் தாண்டிப் போயிருந்தார்.

குறிப்பின் அடியில் பொடி எழுத்தில், 'இந்தக் கருத்து உதவியதா?' என்று கேட்டு இரண்டு கட்டைவிரல்கள் இருந்தன, ஒன்று மேலே பார்த்து, ஒன்று கீழே பார்த்து. பெலென் மேம் ஜோவெர்டின் நாற்காலியைப் பார்த்தார். காலி. கதவைப் பார்த்தார். மேலே பார்க்கும் விரலைச் சட்டென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, யாராவது வருவதற்குள் கம்ப்யூட்டரை மூடி, அதன் மேல் தன் கைப்பையைத் தூக்கி வைத்தார்.