மலையிறங்கிய பசுவும் என் கோட்டுப் பையும்

நீடாமங்கலத்தில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலத்தில், வெளிநாடு என்பது கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து கேட்கும் சத்தம். "சாப்ட்டீங்களா?" என்று தொடங்கி "மீட்டர் ஓடுது, வைக்கிறேன்" என்று முடியும். துபாய், மஸ்கட்; மிஞ்சிப்போனால் சிங்கப்பூர். பிறகு செல்போன் வந்து பூத்தை விழுங்கியது. கம்ப்யூட்டர் வந்து என் மகளைக் கொண்டுபோய் ஜெர்மனியில் உட்கார வைத்தது.

நானும் மனைவியும் முதன்முறை அங்கே கிளம்பியபோது, பல வருஷம் அபுதாபியில் இருந்துவிட்டு வந்த பக்கத்துக் கடை பாய் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பாஸ்போர்ட் எப்பவும் உடம்போட இருக்கணும். யாராவது அதட்டினா பேசாதீங்க, எடுத்து நீட்டிடுங்க. அப்பறம், எதையும் தொடாதீங்க. உங்க கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும்."

மகளின் கவலை வேறு. அவளும் மாப்பிள்ளையும் அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். "அது கைக்கு வர்ற வரைக்கும் ஒரு வம்பும் வேணாம்ப்பா. பஸ் டிக்கெட்டுல ஒரு தப்புன்னாக்கூட எனக்குத் தூக்கம் வராது."

"நான் என்னம்மா வம்பு பண்ணப் போறேன்?" என்றேன். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலையடிவாரத்தில் வெளியூர்க்காரர்கள் அவ்வளவாகப் போகாத ஒரு பழைய ஊருக்கு எங்களை அழைத்துப்போனார்கள். மதில் சுவர், மணிக்கூண்டு, கார் நுழைய முடியாத சந்துகள். கோடை முழுக்க மலைமேல் மேய்ந்த மாடுகளைக் குளிருக்கு முன்னால் கீழே ஓட்டிவரும் திருவிழா அன்று. மாடு என்றதும் எனக்குக் குஷி பிறந்துவிட்டது. "நாமளே விவசாயக் குடும்பம்தானே மாப்ள" என்று வழியெல்லாம் அளந்தேன். நிலம் குத்தகையில் கிடப்பதையும், மாட்டுப் பொங்கலன்று எங்கள் பசுவுக்கு மனைவி கயிற்றைப் பிடித்துக்கொள்ள நான் எட்டி நின்றே பொட்டு வைப்பதையும் சொல்லவில்லை.

பேண்டு வாத்தியம் முழங்க, முதல் பசு வந்தது. கொம்புகளுக்கு நடுவே பூக்கிரீடம், கலர் ரிப்பன், கழுத்தில் தவலை அளவுக்கு மணி. பின்னால் ஒரு மந்தை.

"மலையில ஒரு மாடுகூட சாகலன்னாதான் மாமா இந்தப் பூவெல்லாம் வைப்பாங்க" என்றார் மாப்பிள்ளை.

அது என் காதில் பாதிதான் விழுந்தது. அலங்கரித்த மாடு எதிரே வந்து நின்றால் நம் ஊரில் யாரும் வெறுங்கையோடு நிற்பதில்லை. வாயில் ஏதாவது ஊட்டியாக வேண்டும். கோட்டுப் பையில் இருந்த வாழைப்பழம் என்னைக் கேட்காமலே வெளியே வந்து, கயிற்று வேலியைத் தாண்டி நீண்டது.

பசு தோலோடு தின்றது. பிறகு என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு, வரிசையை விட்டு என் பக்கம் திரும்பியது.

நான் பின்னால் நகர்ந்தேன். அது முன்னால் வந்தது. வேலி சரிந்தது. ஒரு சந்துக்குள் ஓடினேன், அதுவும் நுழைந்தது. தலைவி போகிற வழிதானே மந்தைக்கும் வழி? ஊர்வலமே சந்துக்குள் வந்துவிட்டது. சந்தின் முடிவில் ஒரு பூட்டிய கதவு.

மணிச்சத்தத்துக்கு நடுவே, தொலைவில் மகளின் முகம் வெளுத்துத் தெரிந்தது. அவள் வேலை, வீடு, விண்ணப்பம் எல்லாம் ஒரு வாழைப்பழத்தோடு போயிற்று என்று நினைத்தேன். தோல் நிக்கரும் இறகுத் தொப்பியுமாக மாட்டுக்காரப் பெரியவர் ஒருவர் கத்திக்கொண்டே பக்கத்தில் வந்தார். பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. பேசவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன்.

பசு அதை நக்கியது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த மகள், பெரியவரிடம் ஏதோ கெஞ்சினாள். அவர் பதில் சொன்னார். அவள் முகத்தில் மெதுவாக ரத்தம் திரும்பியது.

"என்னம்மா, ஜெயிலா?"

"இன்னொரு பழம் இருக்கான்னு கேக்கறார்ப்பா. இந்த மாடு திரும்பினாத்தான் மத்ததெல்லாம் திரும்புமாம்."

"ஏங்க, இந்தாங்க" என்று மகளின் பின்னாலேயே வந்த மனைவி தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "அந்தக் கயித்தை நான் புடிச்சிக்கவா?" என்று கேட்டதில் இருந்த விஷமத்தை மாப்பிள்ளை கவனித்திருக்க மாட்டார்.

சுவரை ஒட்டி நழுவி மந்தையைத் தாண்டி வெளியே வந்து, பழத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஊரின் கடைவீதி முழுக்க நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பின்கழுத்தில் பசுவின் மூச்சு பட்டுக்கொண்டேயிருந்தது. பூக்கிரீடத்தில் ஒரு இதழ்கூட உதிரவில்லை. இருபுறமும் ஜனங்கள் கைதட்டினார்கள். நானும் திருவிழாவில் ஒரு அம்சம் என்று நினைத்திருப்பார்கள். திடலில் பெரியவர் பழத்தை வாங்கிப் பாதியைப் பசுவுக்குக் கொடுத்தார், மீதியைத் தான் தின்றார். பிறகு தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

ஊர் திரும்பியதும், கடைவீதியில் மாப்பிள்ளை எடுத்த போட்டோவைப் பாயிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க மாட்டை ஓட்டிக்கிட்டுப் போறீங்களா, மாடு உங்களை ஓட்டிக்கிட்டுப் போவுதா?"

பாஸ்போர்ட்டின் ஓரம் மட்டும் அப்பளம் மாதிரி வளைந்துபோயிருந்தது. அடுத்த தையில் மகள் போன் செய்து அனுமதி வந்துவிட்டது என்றாள். குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன.

"இனிமே நீங்க எப்ப வேணா வரலாம்ப்பா. உங்க கோட்டுப் பையையும் அம்மாவோட பையையும் மட்டும் ஒரு தடவை பார்த்துட்டுத்தான் வெளிய கூட்டிட்டுப் போவேன்."