குழாயில் போட்ட ஓட்டை

இருபத்தேழு வருஷமாகக் குழாய் வேலை செய்கிறவர் அவர். விருந்துக்குப் போன வீட்டிலும் சொட்டுகிற குழாயை முறுக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். நான் போட்ட குழாய் கசிந்தது என்று எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன் என்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே இரண்டு தடவை வெள்ளம்! எல்லாம் கூடத்தில் அவர் வைத்த மீன் தொட்டியால். மேலே ஒன்பது தங்கமீன்கள் நீந்தும் பெரிய தொட்டி. கீழே அலமாரிக்குள் தண்ணீரை வடிகட்டும் சின்னத் தொட்டி. மேல் தண்ணீர் ஒரு குழாயில் கீழே இறங்கும். மோட்டார் அதை இன்னொரு குழாயில் மேலே ஏற்றும். கரண்ட் போனால் வந்தது வினை. ஏற்றிய குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி ஓடிவந்து, கீழ்த்தொட்டி நிரம்பித் தரையெல்லாம் வழியும். முதல் வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீரைத் திரும்பவிடாத வால்வு ஒன்றைப் பெருமையாக மாட்டினார். அதில் அழுக்கு சிக்கி இரண்டாவது வெள்ளம். மனைவி தைக்க வைத்திருந்த சீருடைத் துணியெல்லாம் தொப்பல்.

"இன்னொரு வாட்டி தரை நனைஞ்சுது, மீனெல்லாம் என் தம்பி வீட்டுக்குப் போயிடும். சொல்லிட்டேன்" என்றாள் அவள். பாவம், மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மீன்கள் என்றால் அவருக்கு உயிர்.

மீன் கடைக்காரர் ஆரம்பத்திலேயே வழி சொல்லியிருந்தார்: ஏற்றும் குழாயில், மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன ஓட்டை. மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று உள்ளே போய், திரும்பி ஓடுவது நின்றுவிடும். "குழாயில ஓட்டையா? ஓட்டைய அடைச்சுதான்யா நான் சோறு திங்கறேன்!" என்று அன்றைக்கு எகிறியவர், இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு துளை போட்டார்.

மறுநாள் மோட்டாரை அணைத்துப் பார்க்கும் சோதனை. மைத்துனன் காலையிலேயே ஆஜர், கையில் மூடி போட்ட வாளியோடு. "ச்சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மாமா" என்றான். சும்மா பார்க்க வருகிறவனுக்கு வாளி எதற்காம்?

அவர் சுவிட்சில் கை வைத்தார். "இருங்க" என்று தடுத்த மனைவி, தொட்டியை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, இது என்ன?"

ஓட்டையின் மேல், கசிவை அடைக்க அவர் சுற்றுகிற வெள்ளை டேப். கச்சிதமாக மூன்று சுற்று.

அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. விடிந்ததும் தொட்டியைத் துடைத்தபோது, ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியதைப் பார்த்த ஞாபகம் இருந்தது. டேப் சுற்றிய ஞாபகம் சுத்தமாக இல்லை. "பழக்க தோஷம்... கை தானா சுத்திடுச்சு போல" என்று அசடு வழிந்தார்.

"இருக்கட்டும்க்கா, அப்படியே அணைச்சுப் பாப்போம்" என்றான் மைத்துனன், வாயெல்லாம் பல்லாக.

அவள் கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, டேப்பை நகத்தால் கிழித்து எடுத்தாள். சுவிட்சையும் அவளே அணைத்தாள். கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஒரு விரல் ஏறியது, இரண்டு விரல் ஏறியது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். மேலே களக்கென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விளிம்புக்குக் கீழே நின்றுவிட்டது. தரையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

மைத்துனன் முகம் தொங்கிப்போனது. "என்னக்கா, எனக்குத் தரேன்னு சொன்னியே?"

"சொன்னேன்டா, ஏதோ கோவத்துல" என்றாள் அவள், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே. "நனைஞ்சிடக் கூடாதேன்னு காலைலேர்ந்து நான்தான் சாமிய வேண்டிட்டிருக்கேன்!"