கேள்வியை அனுப்புங்கோ

காவலரணில் பையைத் திறந்து காட்டும்போது புஸ்பராணி சாக்கூசியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். ஒரு சாண் நீளம், நுனி கொஞ்சம் வளைந்த இரும்பூசி. சோதிக்கிற கடற்படைக்காரர் புதியவர் என்றால் முகம் மாறும். "கிழிஞ்ச சாக்குத் தைக்கிறது, மாத்தையா" என்று சொல்லி, தன் பையின் ஓரத்திலேயே இரண்டு தையல் போட்டுக் காட்டுவார். அவர் சிரித்தால் இவரும் சிரிப்பார். சிரிக்காமல், நாளையிலிருந்து இதைக் கொண்டுவரக்கூடாது என்றால், "இது ஆர் போட்ட உத்தரவு?" என்று கேட்பார். குரலில் கோபம் இராது. சந்தையில் கத்தரிக்காய் எந்தத் தோட்டத்தது என்று விசாரிக்கிற மாதிரி இருக்கும்.

எல்லாரிடமும் அப்படித்தான். தபால் கந்தோர் யன்னல் நேரத்தோடு சாத்தினால் கேட்பார். பஸ் நிற்காமல் போனால் அடுத்த நாள் அதே கொண்டக்டரைத் தேடிப் பிடித்துக் கேட்பார். பதில் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. "கேட்டு வச்சாச்சு. இனி அவைக்கு நித்திரை வரட்டும் பாப்பம்" என்று போய்விடுவார்.

ஊர் ஆலங்கேணி. விடிந்ததும் கிண்ணியாவுக்கு வந்து, 'பாதை' ஏறித்தான் துறைமுகத்துக்குப் போகவேண்டும். பாதை என்று அங்கே சொல்வது, பஸ்ஸையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக் கடலைக் கடக்கிற தட்டையான மிதவையை. கப்பலில் வரும் அரிசி, சீனி மூடைகள் கொக்கி பட்டுக் கிழிந்தால், பண்டகசாலைக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டிலில் இருந்து தைப்பது இவருடைய வேலை. இவரைப் போல இன்னும் பன்னிரண்டு பெண்கள். பாதிப்பேர் ஆலங்கேணி, பாதிப்பேர் கிண்ணியா. பதினொரு வருடமாகத் 'தற்காலிகம்'. சண்டையால் மீன்பிடிக்கப் போகக்கூடாது என்று போட்ட கடற்றடை, கணவர் சின்னராசாவின் தோணியைக் கரையில் ஏற்றிவிட்டது. வீடு இந்த ஊசியில்தான் ஓடுகிறது.

துறைமுகத்தில் ஒரு தொழிற்சங்கம் உண்டு. தொழிலாளர் பக்கம் நிற்போம் என்று சொல்லி, முதலாளிமாரோடும் ஒரே மேசையில் இருந்து கதைக்கிற ஒரு கட்சியைச் சேர்ந்தது. சங்கத்துக்கும் கட்சியின் துறைமுகக் கிளைக்கும் தலைவர் பாரந்தூக்கி ஓட்டுகிற குணரத்தினம். நேர்மையான மனிதர், ஆனால் எதற்கும் "பிறகு பாப்பம்" என்பவர். சங்கத்தில் நிரந்தரக்காரர் மட்டுமே சேரலாம். கட்சியில் யாரும் சேரலாம் என்பதால் கொட்டில் பெண்கள் எல்லாரும் சேர்ந்திருந்தார்கள். ஆனால் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. கூட்டம் வேலை முடிந்து பட்டினத்தில் நடக்கும்; அதற்குள் கடைசிப் பாதை போய்விடும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், கட்சியின் மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதி தெரிவுசெய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, புஸ்பராணி பாரந்தூக்கியின் கீழ்ப்படியில் போய் நின்றார்.

"அண்ணை, நாங்களும் உறுப்பினர்தானே? எங்களுக்கு ஏலுமான இடத்தில கூட்டத்தை வையுங்கோ."

"எங்க பிள்ளை வைக்கிறது? அவசரகாலச் சட்டம். நாலு பேர் கூடி நிக்கேலாது."

"பாதையில எத்தனை பேர் கூடி நிக்கினம்? அதை ஆரும் ஒண்டும் சொல்றேல்லையே."

குணரத்தினம் ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார். "பிறகு பாப்பம்" வரவில்லை.

அடுத்த ஞாயிறு காலை கிளைக் கூட்டம் பாதையில் நடந்தது. ஆண்கள் கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் போல வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்தார்கள். குணரத்தினம் காவலரண்காரரை நம்பவைக்க ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தார். பாதை கரையை விட்டதும் கூட்டம் தொடங்கும். மறுகரை வந்ததும் நிற்கும். பஸ் இறங்கி, மாட்டுவண்டி ஏறி, பாதை திரும்ப நகர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பெண்களின் கோரிக்கையை அவர்களில் ஒருவரான கிண்ணியாப் பரீதா சொன்னார். தற்காலிகக்காரரையும் சங்கத்தில் சேர்க்கவேண்டும். இத்தனை வருடம் வேலைசெய்தவர்களுக்கு நிரந்தர நியமனம் கேட்டுச் சங்கம் போராடவேண்டும். இதை மாநாட்டில் தீர்மானமாக வைக்கவேண்டும்.

குணரத்தினம் பழச்சீப்பைக் கைமாற்றிக்கொண்டார். "இப்ப எங்கட கட்சிதான் அரசாங்கம். சண்டை வேற நடக்குது. இந்த நேரம் மந்திரிமாரைச் சங்கடப்படுத்துறது சரியில்லை. ஒண்டு செய்வம். புஸ்பராணியைப் பிரதிநிதியா அனுப்புவம். இந்தக் கிளையில இருந்து போற முதல் பொம்பிளை. தீர்மானத்தை அடுத்த முறை பாப்பம்."

பெண்கள் புஸ்பராணியைப் பார்த்தார்கள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலங்கேணியிலிருந்து ஒரு பெண், மேடையில், பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டு. அவருக்கு ஆசை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முகம் காது வரை சிவந்துவிட்டது.

"என்னை அனுப்பவேண்டாம் அண்ணை" என்றார் கடைசியில். "கேள்வியை அனுப்புங்கோ. ஆர் கொண்டுபோனாலும் காரியமில்லை. நீங்களே கொண்டுபோங்கோ."

வாக்கெடுக்கவேண்டும். கைகள் உயர்ந்தால் இறங்குதுறைக் காவலரணுக்குத் தெரியும். "தீர்மானம் வேணும் எண்டவை கடல் பக்கம் போங்கோ" என்றார் புஸ்பராணி. "வேண்டாம் எண்டவை நிண்ட இடத்திலேயே நில்லுங்கோ." பெண்கள் பதின்மூன்று பேரும் நகர்ந்தார்கள். பிறகு மூடை சுமக்கிற ஒருவர் போனார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர், பிறகு ஐந்து பேர். பாதை கடல் பக்கம் சரிந்தது.

"அல்லாவே! என்ன காரியம் பண்றீங்க? ஒரு பக்கம் நிக்காதீங்க!" என்று பாதைக்காரர் அப்துல் மஜீத் கத்தினார்.

"வெண்டிட்டம் நானா, இந்தா பிரிஞ்சு நிக்கிறம்" என்றார் பரீதா.

சங்கதி, கொட்டில் பெண்களை வேலைக்கு வைத்திருக்கிற பண்டகசாலைக் கொந்தராத்துக்காரரின் காதுக்கு ஒரு கிழமைக்குள் போய்விட்டது. "உமக்கு இனி வேலையில்லை" என்று அவர் புஸ்பராணியை வாசலிலேயே நிறுத்தினார். காரணம் கேட்டதும் கதவைச் சாத்தினார். புஸ்பராணி வீட்டுக்குப் போகவில்லை. வெளிமதிலோரம் வேப்பமர நிழலில் இருந்தார். மறுநாளும் வந்து இருந்தார். பயமில்லாமல் இல்லை. வீட்டில் அரிசிப் பானையின் அடி தெரியத் தொடங்கியிருந்தது. சின்னராசா தோணியின் வெடிப்புகளை அடைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே மற்றப் பெண்கள் ஊசியைத் தொடவில்லை. கிழிந்த மூடைகள் கொட்டில் வாசல் வரை குவிந்தன. அன்று மத்தியானம் பாரந்தூக்கி நின்றது. கொந்தராத்துக்காரர் கீழே நின்று சத்தம் போட்டார். மேலேயிருந்து குணரத்தினம் தலையை நீட்டினார்.

"தைக்காத சாக்கைத் தூக்கேலாது ஐயா. ஆக்கள் மேல கொட்டும்."

"பாதுகாப்புச் சட்டமோ?"

"ஓம். சட்டம்தான்."

பாதையில் வாக்கெடுத்தபோது அவர் நின்ற இடத்தைவிட்டு அசையாதவர். பொழுது சாய்வதற்குள் வாசற்காவலாளி வெளியே வந்து, "அக்கா, உள்ள வரட்டாம்" என்றார்.

மாநாடு முடிந்த மறுநாள் மதியம் குணரத்தினம் சாக்குக் கொட்டிலுக்கு வந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்தத் தகரக் கூரையின் கீழ் வந்தது அதுதான் முதல் தடவை. பெண்கள் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலிலேயே நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வாசிச்சனான். முழுசா வாசிச்சனான். இடையில நிப்பாட்டப் பாத்தவை, நான் விடேல்ல. சங்கத்தில சேரலாம். அது முடிஞ்சுது, இனி நீங்கள் எல்லாரும் உறுப்பினர். நியமனம்... அதைப் பரிசீலிக்கினமாம்."

பரீதா பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்து அழுத்தினார். கொட்டிலில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பிறகு எல்லாரும் புஸ்பராணியைப் பார்த்தார்கள். யார் பரிசீலிக்கிறது, எப்போது முடியும் என்று அவர் இப்போது கேட்கப்போகிறார் என்று குணரத்தினத்துக்கும் தெரியும். அவர் ஆயத்தமாக நின்றார்.

புஸ்பராணி காலால் இரண்டு தைத்த சாக்குகளை இழுத்து ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து அவர் இருக்கப் போட்டார். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திருப்பி வைத்து, பாதிப் புட்டையும் சூடைமீன் பொரியலையும் அதில் தள்ளி, மடித்த சாக்குக்கு நேரே நகர்த்தினார்.