அதே நாய், அதே மருந்துப் புட்டி

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த கன்னியப்பன்தான் சொன்னார்.

“இன்னா டீச்சரம்மா, செருப்ப வுட்டுட்டு போய்கினே கீறீங்க?”

குனிந்து பார்த்தேன். வெறும் பாதம் சிமெண்ட் தரையில் இருந்தது. மார்கழி மாதத்துக் காலை. வலது செருப்பையும் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தேன். வலது காலுக்குத் தரை ஜில்லென்றிருந்தது. இடது காலுக்குத் தரை இருப்பதே தெரியவில்லை.

கன்னியப்பன் எனக்குப் பழக்கமானது ஒரு நாயால். நான் செங்கற்பட்டில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சில நாட்களுக்கு முன், மாமல்லபுரத்திலிருந்த அக்காவைப் பார்க்கப் பஸ்ஸில் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கிச் சாலையோரப் புளியமரத்தடியில் நின்றோம். புதரிலிருந்து ஒரு செவலை நாய் பாய்ந்து வந்து, பக்கத்தில் நின்ற ஒருவரின் கையைக் கடித்தது. திரும்பியது. என் இடது கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடிப்போயிற்று. வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். கடி எங்கள் இருவருக்கு மட்டும். அந்த மற்றவர்தான் கன்னியப்பன், மாமல்லபுரத்து மீன் வியாபாரி.

அந்தப் பக்கம் வெறிநாய் ஒன்று திரிவதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். மறுநாளே அதை அடித்துக் கொன்றுவிட்டதாகச் செய்தி வந்தது. செங்கற்பட்டு டாக்டர் யோசிக்கவே இல்லை. தொப்புளைச் சுற்றித் தினம் ஓர் ஊசி என்றார். ஆட்டு மூளையிலிருந்து எடுக்கும் மருந்து. கடுகடுவென்று வலிக்கும், வயிறு தடித்துச் சிவந்துவிடும். அந்த ஊசிக்காகக் கன்னியப்பனும் தினம் செங்கற்பட்டுக்கு வருவார்; அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்துப் போடுவார்கள். ஒரே புட்டியிலிருந்து எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வெறி நோய் (தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகிப்போகும் நோய், வந்துவிட்டால் பிழைப்பதில்லை) வந்துவிட்டதோ என்று விடிந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துப் பார்ப்பேன். தொண்டையில் இறங்கும்வரை உயிர் கையில் இருக்காது. கன்னியப்பனும் அப்படித்தான். காலையில் பார்த்தால் அவர் வணக்கம் சொல்வதில்லை.

“தண்ணி குட்ச்சீங்களா?”

“குடிச்சேன். நீங்க?”

“ரெண்டு சொம்பு.”

தொண்டையையே கவனித்துக்கொண்டிருந்ததால் காலை நான் கவனிக்கவில்லை.

செருப்பு விஷயத்தைச் சொன்னதும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. குண்டூசியால் பாதத்திலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தார். முழங்காலுக்கு மேல்தான் எனக்கு வலித்தது. ஊசியை அன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆள் அனுப்பி என் கணவரை வரவழைத்துத் தனியாகப் பேச அழைத்தார்.

“எங்கிட்டயே சொல்லுங்க சார்,” என்றேன்.

“மருந்து சில பேர் உடம்புக்கு ஒத்துக்கிறதில்லம்மா. நரம்பைத் தாக்கிடும். ரொம்ப அபூர்வம்.”

முதுகுத்தண்டு அழற்சி (தண்டுக்குள் ஓடும் நரம்புக் கற்றை வீங்கி, மூளையின் கட்டளை கீழே போகாமல் தடைபடுவது) என்று விளக்கினார். அங்கேயே வார்டில் சேர்த்தார்கள். சாயங்காலத்துக்குள் வலது காலும் போயிற்று. அடுத்து சிறுநீர் பிரியவில்லை. ரப்பர் குழாய் வைத்து எடுத்தார்கள். மரத்துப்போன எல்லை இடுப்பைத் தாண்டி வயிற்றில் ஏறியது. நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் வரும்போதெல்லாம் என் மூச்சை எண்ணினார். எனக்குப் புரிந்துவிட்டது.

என் கணவர் ஆரோக்கியம் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் மாற்றிவிடும் கை அது. அந்தக் கையால் என் வயிற்றைத் தொட்டுத் தொட்டுக் கேட்பார்.

“இங்க தெரியுதா மேரி? இங்க?”

தெரியாத இடத்திலும் ஒருமுறை தெரிகிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

எங்கள் குழந்தை செல்விக்கு அப்போது ஓடித் திரியும் வயது. அக்கா அவளை அழைத்துவந்தாள். கட்டிலில் ஏறி என் தொடைமேல் உட்கார்ந்து ஆடினாள். அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன்; கனம் தெரியவில்லை. “கொண்டு போயிடுக்கா,” என்றேன். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இனி அவளைப் பார்ப்பேனா என்ற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை.

மரப்பு விலா எலும்புக்குக் கீழே வந்து நின்றது. ஏன் அங்கே நின்றது என்று டாக்டருக்கும் தெரியாது. கீழே இறங்கவும் இல்லை. வாரக்கணக்கில் அப்படியே கிடந்தேன்.

அந்த நாட்களில்தான் கன்னியப்பன் வந்தார். வழக்கமாகச் சத்தமாகப் பேசுகிறவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“நாயி உயிரோட கீது, டீச்சரம்மா.”

சைக்கிளில் மீன் கூடையோடு போனவர் அதே புதரருகே பார்த்திருக்கிறார். அதே செவலை, கிழிந்த காது. பின்னாலேயே நாலைந்து குட்டிகள். ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்றது வேறு நாய். இது குட்டி போட்ட புதருக்குப் பக்கத்தில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. கடித்த நாய் பத்து நாளுக்கு மேல் நன்றாக இருந்தால் அதற்கு வெறி இல்லை என்று அர்த்தம். எனக்கு ஊசியே தேவைப்பட்டிருக்கவில்லை.

“எனக்கும் அதே புட்டிதான போட்டாங்கோ. எனக்கு ஒண்ணும் ஆவல. இன்னா ஞாயம் இது?” என்றார். ஏதோ என் பங்கைப் பறித்துக்கொண்டவர்போலக் கட்டிலுக்கு அருகில் வரக் கூசினார்.

“நீங்களாவது நல்லா இருக்கீங்களே,” என்றேன். சொல்லும்போது அது முழுக்க உண்மையாக இல்லை. அவர் போனபிறகுதான் உண்மையாயிற்று.

ஆரோக்கியம் தலையைச் சுவரில் அடித்துக்கொண்டார். “நான்தான அந்த வண்டில ஏத்தி வுட்டேன். அடுத்த வண்டில போன்னு சொல்லிருந்தா? டயரு ஒரு பர்லாங்கு தள்ளி வெடிச்சிருந்தா?” தினமும் ஏதாவது ஒன்றை மாற்றிப்போட்டு, மனதுக்குள் என்னை நடக்கவைத்துப் பார்த்தார். கடைசியில் நான் பொறுக்க முடியாமல் சொன்னேன்: “அடுத்த வண்டி கவுந்திருந்தா? வுடுங்க.”

டாக்டரிடம் நாயைப் பற்றிச் சொன்னேன். கட்டிலில் தொங்கிய என் சீட்டை எடுத்து முதலிலிருந்து படித்தார். பிறகு, “அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சதை வெச்சு, இன்னிக்கும் அதே ஊசியைத்தான் போடுவேன்மா,” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அன்று இரண்டு வேளை சோறு வேண்டாமென்று தள்ளினேன். ஆனால் அந்தப் பதிலைத்தான் இன்று நான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெறிநாய் கடித்தும் ஊசி போட்டுக்கொள்ளாமல் இருந்து இறந்த ஒரு பையனின் தாய் பக்கத்து வார்டில் அழுததை நான் கேட்டிருக்கிறேன். இதைப் படிப்பவர் யாராவது ஊசி போட்டுக்கொண்டிருந்தால் என் கதையைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கால் மரத்துப்போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் இடது கால் பெருவிரலில் சுரீரென்றது. சிற்றெறும்பு. ஆரோக்கியம் தட்டிவிடக் கையை நீட்டினார்.

“வேணாம். கடிக்கட்டும்,” என்றேன்.

அவருக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன்பின் உணர்ச்சி துண்டு துண்டாகத் திரும்பியது. சுவரைப் பிடித்து நின்றேன், விழுந்தேன், மறுபடி நின்றேன். கோடை வந்தபோது மூங்கில் கழியோடு வீடு திரும்பினேன். பள்ளிக்கூடம் திறந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் நடத்தினேன். அடுத்த வருஷம் கழியை விட்டேன். இடது பாதம் மட்டும் இன்றும் சற்று இழுக்கிறது.

டாக்டர் பூரண குணம் என்று எழுதிக்கொடுத்தார். அவர் எழுதியது சரிதான். ஆனால் முன்பு கால் என்பது நான்தான். இப்போது அது என்னோடு இருக்கிற இன்னொருத்தி. கேட்டால் வருவாள் என்ற நம்பிக்கை உண்டு, உறுதி இல்லை. எழுந்திரு என்று நினைப்பதற்கும் பாதம் அசைவதற்கும் நடுவில் ஒரு நொடி இருக்கிறது. மற்றவர்களுக்கும் அது இருக்கும். அவர்கள் அதைப் பார்த்ததில்லை. நான் ஒவ்வொரு நாள் காலையிலும் பார்க்கிறேன்.

செல்வி பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று வாசலிலிருந்து கூப்பிடுவாள். “வரேன்,” என்று குரல் கொடுப்பேன். கொடுத்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.